நாய்க்கு அனுமதி உண்டு. அதன் சோற்றுக்கு இல்லை!

சுவர்க்கத்தின் வாசலிலே நாயைத் தடுத்து நிறுத்திய முதல் எல்லை அதிகாரி யார் தெரியுமா? சாட்சாத் தேவேந்திரன்தான்!

மகாபாரதத்தின் கடைசிக் கட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். திரௌபதியும் தம்பிமாரும் ஒருவர் பின் ஒருவராக வழியிலே விழுந்துவிடுகிறார்கள். தருமபுத்திரர் மட்டும் மேலே மேலே போகிறார். அவர் பின்னால் ஒரு நாய். ரதத்தோடு வந்து நிற்கிறான் இந்திரன். "நீர் வரலாம், நாய் வரக்கூடாது" என்கிறான். நம்பி வந்த ஜீவனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தருமர் பிடிவாதம் பிடிக்கிறார். கடைசியில் ஜயித்தது தருமர்தான் என்பது குழந்தைக்கும் தெரிந்த கதை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்த நாய்க்கு வழியில் போடுவதற்கு என்ன கொண்டு வந்தீர் என்று இந்திரன் கேட்கவில்லை. தருமரின் கையிலே மூட்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் கதை இன்னும் இரண்டு அத்தியாயம் நீண்டிருக்கும் என்று நினைக்கிறேன்!

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கௌதம முனிவரின் சாபத்தினால் வந்த களங்கம் நீங்கி இந்திரன் சுசியான தலம் என்பதால்தான் நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்று தல புராணம் சொல்கிறது. இன்றும் தினந்தோறும் அர்த்தஜாமத்தில் இந்திரன் வந்து தாணுமாலயனைப் பூசித்துவிட்டுப் போவதாக ஊரார் நம்புகிறார்கள். அந்தச் சுசீந்திரத்திலேதான், தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில், நாயும் எல்லையும் சோற்று மூட்டையும் சேர்ந்த ஒரு வழக்கை அண்மையில் கேட்டேன். வழக்குத் தொடுத்தவர் எழுபது வயது கடந்த ஓர் ஆச்சி. தீர்ப்புச் சொல்லும்படி என்னைக் கேட்டார். திண்ணையிலே சொல்லத் தைரியம் வரவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

ஆச்சி கட்டிய மூட்டை

ஆச்சியின் மகன் ஐரோப்பாவில் ஒரு தேசத்தில் உத்தியோகம் பார்க்கிறார். அவர் ஊரில் இருந்த காலத்தில் தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாட்டு நாய் ஒன்று உண்டு. பெயர் மணி. நாஞ்சில் நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். மகன் கப்பலேறிய பிறகு, அதாவது விமானமேறிய பிறகு, மணி ஆச்சியின் காலடியிலேயே வளர்ந்தது. ஆச்சிக்குக் கால் தளர்ந்ததும், "நாயை நானே கொண்டு போகிறேன்" என்று மகன் வந்து சேர்ந்தார்.

நாய்க்குப் பயணச்சீட்டு வாங்குவது மனிதனுக்கு வாங்குவதைப் போல அல்ல. முதலில் அதன் தோலுக்கடியில் ஓர் அரிசி மணி அளவுக்கு மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதற்கப்புறம் வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பு ஊசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். இரத்தத்தில் தடுப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறது என்று பதில் வந்தாலும் உடனே புறப்பட முடியாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். நம் நாட்டிலிருந்து போகும் நாய்களுக்கு இதுதான் விதி. இவ்வளவும் முடிந்து, சென்னையில் மத்திய சர்க்காரின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு நாயையும் காகிதங்களையும் கொண்டு போய்க் காட்டி, ஆரோக்கியச் சான்று வாங்கினார்கள். மகனுக்கு அரை ஆயுள் கழிந்தது போலாகிவிட்டது. மணிக்கு மட்டும் கவலையில்லை. அது எல்லா அதிகாரிகளையும் பார்த்து வாலை ஆட்டியது.

புறப்படுகிற அன்று ஆச்சி ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். வறுத்துப் பொடித்த குருணை அரிசி, கருவாட்டுப் பொடி, ஆட்டிறைச்சி உப்புக்கண்டம். மணிக்குப் பழக்கமான தீனி. புது ஊரில் ஒரு மாதம் தாங்கட்டும் என்று மூன்று கிலோவுக்குக் குறையாமல் கட்டியிருந்தார்.

அங்கே விமான நிலையத்தில் மணியின் காகிதங்களைப் பார்த்தார்கள். சிப்பின் எண்ணைக் கருவி வைத்து வாசித்தார்கள். எல்லாம் சரி என்று முத்திரை குத்தினார்கள். பிறகு, "பையில் என்ன?" என்றார்கள். பை திறக்கப்பட்டது. மூட்டை வெளியே வந்தது. எரிப்பதற்கென்று வைத்திருக்கும் தொட்டிக்குள் போயிற்று.

மூன்று நாள் மணி எதையும் தொடவில்லை.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. நாயி போலாமாம், நாயிக்கச் சோறு போவக்கூடாதாம். இது என்ன நியாயம்?" என்று கேட்டார் ஆச்சி. "எனக்கக் கை அவ்வளவு அழுக்காவா இருக்கு?"

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தைத்தது.

சவுக்கை பார்த்த பூமி

ஆச்சிக்கு நான் சொல்ல விரும்பிய முதல் பதில் அவருடைய சொந்த ஊரின் சரித்திரத்திலேயே இருக்கிறது. சோறு எல்லை தாண்டுவது எவ்வளவு சிரமமான காரியம் என்பது நாஞ்சில் நாட்டாருக்குத் தெரிவதைப் போல வேறு யாருக்குத் தெரியும்?

1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இல்லை. திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யமாக இருந்து, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிதான் வாசல். அங்கே சவுக்கை இருந்தது. மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் வண்டி நகராது. பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சவுக்கைக் கதைகள் ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள்.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் தமிழகத்தோடு சேர்ந்த அன்று, எல்லை ஆரல்வாய்மொழியை விட்டுக் களியக்காவிளைக்கு இடம் மாறியது. மனிதர்கள் போகலாம், வரலாம். ஆனால் அரிசி? "நாஞ்சில் நாட்டு நெல்லை வைத்துத்தான் திருவிதாங்கூரே உண்டது" என்று பெருமை பேசிய வயல்களிலிருந்து மேற்கே போன அரிசி பிற்காலத்தில் கடத்தல் சாமான் ஆகிவிட்டது. இன்றைக்கும் ரேஷன் அரிசி மூட்டைகளைக் களியக்காவிளைச் சாவடியில் பிடித்தார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வருவது புதிதல்ல.

ஆகவே மனிதன் போக வழி இருந்தும் மூட்டைக்கு வழி இல்லாமல் போவது இந்த மண்ணுக்குப் பழகிய சங்கதி. வித்தியாசம் ஒன்றுதான். அன்று சவுக்கைக்காரன் தேடியது வரி. இன்று விமான நிலையத்தில் தேடுவது கிருமி.

ஒரு பன்றித் தொட்டியிலே ஆரம்பித்தது

கிருமி என்றவுடன் சிலர் சிரிப்பார்கள். காய்ந்த உப்புக்கண்டத்தில் என்ன கிருமி இருக்கப் போகிறது என்பார்கள். அவர்கள் 2001-ஆம் வருஷம் இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

அந்த வருஷம் பிப்ரவரி மாதம், இறைச்சிக்காகக் கொண்டு போன பன்றிகளுக்குக் கோமாரி நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் மாட்டுக்கு வாயும் குளம்பும் புண்ணாகி, வாயில் நுரை ஒழுக நிற்குமே, அதே நோய்தான். எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனவர்கள், வட இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து ஜில்லாவிலுள்ள ஒரு பன்றிப் பண்ணையில் போய் நின்றார்கள். அங்கே பன்றிகளுக்குச் சரியாக வேகவைக்காத எச்சில் உணவைத் தீனியாகப் போட்டுவந்தது தெரியவந்தது. அந்த எச்சிலிலே, வெளிநாட்டிலிருந்து சட்டத்துக்கு மாறாக வந்த இறைச்சித் துண்டு ஏதோ கலந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபுணர்கள் வந்தடைந்த அனுமானம்.

ஏதோ ஒரு துண்டு இறைச்சி! அதன் விலை என்ன தெரியுமா? 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். பரம்பரை பரம்பரையாக வளர்த்த மந்தை ஒரே நாளில் சாம்பலாவதைக் குடியானவர்கள் கைகட்டிக்கொண்டு பார்த்து நின்றார்கள். தேசத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் கோடிக்கணக்கான பவுன்.

கோமாரி நாய்க்கு வருகிற நோயல்ல. மணி அந்த உப்புக்கண்டத்தைத் தின்றால் அதற்கு ஒன்றும் ஆகியிராது. மனிதனுக்கும் அதனால் ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கிருமி உப்பிலும் உலர்ந்த இறைச்சியிலும் பல நாள் ஒளிந்திருக்கக் கூடியது. நாய் பாதி தின்று மீதி வைத்ததைக் குப்பையில் கொட்டுகிறோம். குப்பையை ஒரு பன்றி கிளறுகிறது. பன்றிக்குப் பக்கத்துத் தொழுவத்தில் மாடு நிற்கிறது. கதை முடிந்தது!

ஆக, நாய்க்குக் கொடுத்த சான்று நாய்க்கு மட்டும்தான். அதன் சோறு என்பது வேறொரு பிரயாணி. அதற்குச் சிப் கிடையாது, ஊசி கிடையாது, இரத்தச் சோதனை கிடையாது. எந்த ஆட்டின் இறைச்சி, எந்தச் சந்தையில் வாங்கியது, அந்த ஆடு எந்த மந்தையிலிருந்து வந்தது என்று ஆச்சியைக் கேட்டால் ஆச்சிக்கே தெரியாது. அங்கே மேஜைக்குப் பின்னால் நிற்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

நம் நாட்டில் கோமாரி இன்னும் ஒழியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019-இல் மத்திய சர்க்கார் ஒரு பெரிய தடுப்பூசித் திட்டத்தை மதுராவில் ஆரம்பித்து, 2030-க்குள் இந்த நோயை ஒழிப்பதென்று குறி வைத்திருக்கிறது. கிராமத்தில் கால்நடை டாக்டர் வந்து மாடுகளுக்கு வரிசையாக ஊசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை முடியும்வரை நம் ஊர் இறைச்சியையும் பாலையும் மற்ற தேசத்தார் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. அது ஆச்சியின் கையைப் பற்றிய சந்தேகம் அல்ல.

களியக்காவிளையில் நாம் என்ன செய்கிறோம்?

"அவர்கள் வெள்ளைக்காரர்கள், நம்மை மட்டமாக நினைக்கிறார்கள்" என்று மகன் தொலைபேசியில் கோபித்தாராம். அந்தக் கோபத்தோடு அவர் ஒரு தடவை களியக்காவிளைக்கு வந்து பார்க்க வேண்டும்.

2021 ஜனவரியில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டபோது தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினர் என்ன செய்தார்கள்? எல்லைச் சாவடிகளில் காவல் போட்டார்கள். களியக்காவிளையிலும் போட்டார்கள். கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏற்றி வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். மற்ற வண்டிகளின் சக்கரத்துக்கு மருந்து தெளித்தார்கள். தீவனம் என்ன பாவம் செய்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாமக்கல் கோழிப் பண்ணைகளைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2022 ஜூலையில் வயநாட்டில் பன்றிக் காய்ச்சல் வந்து பண்ணைப் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். கேரளத்து ஓட்டல் எச்சிலையும் கோழிக் கழிவையும் பன்றித் தீனிக்கென்று ராத்திரியோடு ராத்திரியாகக் குமரி ஜில்லாவுக்குள் கொண்டுவரும் வண்டிகளைப் போலீசார் பிடிப்பதும் அவ்வப்போது நடக்கிறது. 2001-இல் இங்கிலாந்தைச் சாம்பலாக்கியது இதே போன்ற எச்சில்தான் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஒரே ஜில்லாவின் ஓரத்தில், ஒரே பாஷை பேசுகிறவர்களுக்கும் அண்டை அயலாருக்கும் நடுவே நாம் இப்படிக் காவல் போடலாமென்றால், ஏழு கடல் தாண்டி இருப்பவன் தன் மாட்டுக்காகக் காவல் போடக்கூடாதா?

உடனே ஒருவர் கேட்பார்: "சுசீந்திரம் குளத்துக்கு வருஷா வருஷம் எத்தனை தேசத்துப் பறவைகள் வருகின்றன! அவற்றை யார் சோதிக்கிறார்கள்?" நல்ல கேள்வி. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றவை. வடதேசத்துக் குளிருக்குப் பயந்து பறவைகள் கார்த்திகை, மார்கழியில் இங்கே வந்து இறங்குவதைக் கன்னியாகுமரி ரஸ்தாவில் போகிற பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். அவற்றுக்குக் காகிதமும் இல்லை, காவலும் இல்லை. ஆனால் பறவையைத் தடுக்க முடியாது. மூட்டையைத் தடுக்க முடியும். முடியாததைக் காரணம் காட்டி முடிந்ததையும் கைவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆச்சியின் கட்சியிலும் நியாயம் உண்டு

இதுவரை அதிகாரியின் கட்சியைப் பேசினேன். இனி ஆச்சியின் கட்சி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. வைத்திய காரணத்துக்காக ஒரு பிராணிக்குப் பிரத்தியேக உணவு அவசியம் என்றால், ஆளுக்கு 2 கிலோ வரை கொண்டு போகலாம். ஆனால் அது கம்பெனி முத்திரையோடு, கடையில் விற்கிற பொட்டலமாக இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கத் தேவையில்லாத பண்டமாக இருக்க வேண்டும். பிரிக்காத பொட்டலமாகவோ, அப்போது உபயோகத்தில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். பிரிட்டனிலும் ஏறத்தாழ இதே விதிதான்.

அதாவது, முத்திரை போட்ட பொட்டலத்துக்குச் சில சமயம் கதவு திறக்கும். ஆச்சியின் கைக்கு ஒருபோதும் திறக்காது. பணம் கொடுத்துப் பொட்டலம் வாங்கிப் போடுகிறவனின் நாய்க்கு ஒரு வழி இருக்கிறது. குருணைக் கஞ்சியில் வளர்ந்த நாட்டு நாய்க்கு வழியே இல்லை. காரணம் எனக்குப் புரிகிறது. பொட்டலத்தில் கோளாறு இருந்தால் எந்தத் தொழிற்சாலை, எந்தத் தேதி என்று தேடிப் பிடிக்கலாம். 2007-இல் அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. நாய், பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் சாகவே, சீனத்திலிருந்து வந்த கோதுமைச் சரக்கில் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து, பொட்டலம் பொட்டலமாகத் திரும்பப் பெற்றார்கள். ஆச்சியின் மூட்டையை அப்படித் தேடிப் பிடிக்க முடியாது. காரணம் புரிந்தாலும், மனசு ஆறவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஆச்சியின் உண்மையான குறை இதுவும் அல்ல. "கொண்டு போவக்கூடாதுன்னு முன்னமே ஒருத்தனாவது சொல்லியிருந்தா நான் கெட்டியிருப்பேனா?" என்று அவர் கேட்டாரே, அதுதான் நியாயமான குறை.

நாலைந்து மாதம் அலைந்தார்கள். சிப் வைத்தவர், ஊசி போட்டவர், இரத்தம் எடுத்தவர், சான்று கொடுத்தவர், கூண்டின் நீள அகலம் அளந்தவர், சீட்டு எழுதியவர் என்று எத்தனையோ பேர் மணியைப் பார்த்தார்கள். ஒருவர்கூட, "இதற்குச் சாப்பாடு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. நாயைப் பற்றிய கேள்விகள் எல்லாம் ஒரு மேஜையில். உணவைப் பற்றிய கேள்வி வேறொரு மேஜையில். அந்த இரண்டாவது மேஜை பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அப்படி ஒரு மேஜை இருப்பதே தெரியவருகிறது!

இது ஒரு பெரிய சீர்திருத்தம் அல்ல. ஆரோக்கியச் சான்றோடு ஒரே ஒரு காகிதம் தமிழிலும் சேர்த்துக் கொடுத்தால் போதும். "போகிற தேசத்தின் விதியைப் பாருங்கள். இறைச்சி, பால் கலந்த தீனியைக் கொண்டு போகாதீர்கள். வைத்தியர் சொன்ன பத்தியத் தீனி என்றால் அவருடைய கடிதத்தோடு கொண்டு போங்கள்" என்று நாலு வரி. நாய்க்குச் சீட்டு எழுதும் விமானக் கம்பெனிகளும் அதே நாலு வரியைச் சீட்டிலே அச்சிடலாம். சாமான் எடை கூடினால் காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? சர்க்கார் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அரை உண்மை வேண்டாம்

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். இந்தக் கதையைக் கேட்ட திண்ணை நண்பர் ஒருவர், "அடியிலே வைத்து மேலே துணியை மடித்துப் போட்டால் தெரியவா போகிறது?" என்றார். தெரியும் ஐயா, தெரியும்! அமெரிக்காவில் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள் ஜாதி நாய்களைக் கொண்டு ஒரு படை ஆரம்பித்தார்கள். பிரயாணிகளின் பெட்டிகளை மோந்து பார்த்து, இறைச்சியோ பழமோ இருந்தால் அருகில் உட்கார்ந்துவிடுவதுதான் அவற்றின் உத்தியோகம். உங்கள் நாயின் சோற்றை இன்னொரு நாயே காட்டிக் கொடுத்துவிடும்!

அங்கே உணவுச் சாமானை மறைத்தால் 10,000 டாலர் வரைக்கும் அபராதம் விதிக்க இடமுண்டு. சொல்லிவிட்டால் சாமான் மட்டும்தான் போகும், பெயர் போகாது.

பணமும் புகழும் இருந்தால் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் அவர் மனைவி ஆம்பர் ஹேர்டும் 2015-இல் சொந்த விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கூடவே அனுமதி இல்லாமல் இரண்டு சிறு நாய்கள். நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று மந்திரியே சொன்னார். நாய்கள் திரும்பிப் போயின. வழக்கு மட்டும் போகவில்லை. 2016 ஏப்ரலில் அந்த அம்மாள் கோர்ட்டில் நின்று, பிரயாணிச் சீட்டில் பொய்யாக எழுதியதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அந்தச் சீட்டில் இருப்பது ஒரு சின்னக் கட்டம். "உணவுப் பொருள் இருக்கிறதா?" என்பது கேள்வி. "எனக்கில்லை, நாய்க்குத்தானே" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு "இல்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அசுவத்தாமா இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை முணுமுணுத்தாரே தருமர், அதே ரகம்தான் இதுவும். பூமியைத் தொடாமல் ஓடிய அவருடைய தேர் அந்த ஒரு முணுமுணுப்பிலே தரைக்கு இறங்கிவிட்டது.

சுசீந்திரத்தாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்தில் இந்தக் கோயிலிலே கைமுக்கு என்று ஒரு சோதனை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் கொதிக்கிற நெய்யில் கையை விட்டுத் தன் உண்மையை நிரூபிக்க வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில், அந்தக் கொடுமை நின்றது. இன்று கொதிக்கும் நெய் இல்லை. ஒரு பேனாவும் ஒரு கட்டமும்தான். இவ்வளவு சுலபமான சோதனையிலும் தோற்கலாமா?

இனிப் போகிறவர்களுக்கு

நாயோடு பிரயாணம் போக நினைக்கும் அன்பர்களுக்கு, மணியின் மூன்று நாள் பட்டினி கற்றுக் கொடுத்த பாடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தீனியைக் கொண்டு போவதற்குப் பதிலாக, தீனிப் பழக்கத்தை முன்கூட்டியே மாற்றுங்கள். போகிற ஊரில் என்ன கிடைக்கும் என்று விசாரித்து, அதே மாதிரியான தீனியைப் புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே இங்கு வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாளில் மாற்றினால் வயிறும் கெடாது, நாயும் முரண்டு பிடிக்காது. திடீரென்று மாற்றினால் நல்ல நாய்க்கும் பேதியாகும். பயணத்தின்போது கூண்டுக்குள் அதற்குப் பழக்கமான பழைய துணி ஒன்று இருக்கட்டும். போய் இறங்கும் ஊரில் உள்ளவர்களிடம் சொல்லி, முதல் நாளைக்கான தீனியை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வழிக்கென்று ஏதாவது மிஞ்சினால், கேட்பதற்கு முன்பே அதிகாரியிடம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

மணி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

நாலாம் நாள் ஆச்சி கைப்பேசியில் மருமகளின் முகம் பார்த்துப் பேசினார். "அங்க நம்மூர்க் கடை உண்டாம்மா? கருவாடு கெடைக்குமா?" என்று கேட்டார். கிடைத்தது. அரிசியை உடைத்து, எவ்வளவு வறுக்க வேண்டும், எப்போது தண்ணீர் விட வேண்டும், எவ்வளவு ஆறின பிறகு வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மருமகள் செய்தார். கிண்ணத்தைக் கீழே வைத்ததும் மணி மோந்து பார்த்தது. கைப்பேசியைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, "தின்னுலே மக்கா" என்றார் ஆச்சி. தின்றதாம்.

ஆகவே ஆச்சி கேட்ட வழக்குக்கு என் தீர்ப்பு இதுதான். மூட்டையைத் தடுத்த அதிகாரி குற்றவாளி அல்ல. அவர் யாரோ ஒரு குடியானவனின் தொழுவத்துக்குக் காவல் நிற்கிறவர். முன்கூட்டியே சொல்லாமல் இருந்த அத்தனை மேஜைகளும் குற்றவாளிகள்தாம். ஆச்சியின் கையிலோ எந்த அழுக்கும் இல்லை. அந்தக் கைப்பக்குவத்துக்கு எந்தச் சவுக்கையிலும் தடை கிடையாது. அதைச் சொல்லி அனுப்பினால் போதும். மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம்.